வேம்பு சொன்ன மூன்று சொற்கள்

காலை எட்டு மணி தாண்டியதும் ஏழாம் குடியிருப்பின் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பள்ளிக்கு வருவார்கள். துணை கிடைத்தவர்கள் துணையின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கிடைக்காதவர்கள் விடுதிக் காப்பாளருக்குப் பின்னால், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி வரிசையாக வருவார்கள். நிறைமதி வாசலில் நின்று எல்லோரையும் எண்ணி, எட்டரைக்கு மணி அடித்து உள்ளே விடுவாள். கடல் உள்ளே வந்த வருஷத்துக்குப் பிறகு எண்ணாமல் எந்தக் கூட்டத்தையும் அவளால் பார்க்க முடிந்ததில்லை.

துணைகள் இயந்திரங்கள், எல்லாம் ஒரே அச்சு. ஐந்தடி உயரம், வெளிர்ச் சாம்பல் நிறத் தோல், மூக்கு என்று சொல்லத்தக்க ஒரு சிறிய மேடு, குடியிருப்புகளை நடத்தும் வாரியம் கொடுத்த நூல்புடவை அல்லது முழுக்கைச் சட்டை. ஃபைல்களில் கம்பானியன் என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் அம்மா, அப்பா என்று கூப்பிட்டார்கள். அச்சு ஒன்றானாலும் எது யாருடையது என்று நிறைமதிக்குத் தூரத்திலேயே தெரியும். சாலமோனின் அம்மா வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே வரும். ரஹீமாவின் அப்பா வாசல்வரை வந்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதென்று திரும்பி ஓடும், தினமும் ஓடும். எங்கப்பாவுக்கு மறதி ஜாஸ்தி என்று ரஹீமா ஆறு வயதில் சொன்ன ஒரு வாக்கியம் அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

பர்வீன் மட்டும் வாசலில் நின்று தன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

"நீ எப்பப் போவே?"

"நாலு வருஷம் ஏழு மாசம் பதினோரு நாள்ல, கண்ணு."

பர்வீன் தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போவாள். மறுநாள் அந்தப் பதினோரு நாள் பத்தாகியிருக்கும். துணைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பன்னிரண்டு வயது நிறைந்ததும் வாரியம் துணையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை அழித்து, உடலை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடும். கேட்டால் அது அதைச் சொல்லும். கேட்காமல் இருக்கத்தான் மற்றப் பிள்ளைகள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பில் முதல் பாடம் கதை. நிறைமதி கதை சொல்வாள். பிள்ளைகள் சிலேட்டில் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், கதையில் வந்தவர் என்ன செய்தார். அந்தப் பக்கம், அப்படியென்றால் அவர் எப்படிப்பட்டவர். எழுதத் தெரியாதவர்கள் படம் போடலாம். அந்தப் பக்கத்துச் சொல்லை மட்டும் சுவரில் மாட்டியிருந்த குணப்பலகையிலிருந்து எடுக்க வேண்டும். அதில் நாற்பத்திரண்டு சொற்கள் இருந்தன. அன்பு, பொறுமை, கோபம், மறதி, துணிச்சல், பொறாமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

"செம்பி படியிறங்கும்போது என்ன செய்வா?" என்று கேட்பாள் நிறைமதி.

"எண்ணிக்கிட்டே இறங்குவா!"

"அப்படின்னா எப்படிப்பட்டவ?"

"கவனம்!" என்று இருபது குரல்கள் வரும். இருபது விரல்கள் பலகையில் பச்சை நிறத்தைக் காட்டும்.

ஏன் என்ற கேள்வி மட்டும் அந்த வகுப்பில் கிடையாது. ஆசிரியர் கையேட்டின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் அது இருந்தது. செய்தது சான்று, சொன்னது சான்று. ஏன் செய்தார் என்பது பிள்ளையின் ஊகம். ஊகத்தைக் கேட்டால் பிள்ளை கற்பனை செய்யத் தொடங்கிவிடும். இரண்டரை ஆண்டுகளாக நிறைமதி அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

சாதாரணப் பள்ளிக்கூடப் பயிற்சிபோலத் தெரிந்தாலும் இது எதற்கென்று குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். செத்தவர்களின் புகைப்படங்களும் குரல்களும் மேகத்தில் பத்திரமாக இருக்கின்றன என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மேகம் என்பது கடற்கரையோரம் வரிசையாக நின்ற ஜன்னலில்லாத கட்டடங்கள்தான். மனிதர்களை எடுத்துக்கொண்ட அதே நாள்களில் தண்ணீர் அந்தக் கட்டடங்களையும் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது பிழைத்த பிள்ளைகளின் ஞாபகம் ஒன்றுதான். ஏழு வயது நிறைவதற்குள் ஒரு பிள்ளை தன் தாய்க்கோ தகப்பனுக்கோ சான்றோடு மூன்று குணச்சொற்கள் சொல்லிவிட்டால், வாரியம் அந்தச் சொற்களை ஏற்றி ஒரு துணையைத் தரும். சொல்ல முடியாத பிள்ளைக்குப் பொதுவுரு. அது சோறு ஊட்டும், துணி துவைக்கும், எதற்கும் ஒரே குரலில் சரி என்று சொல்லும். விடுதியில் பொதுவுரு வந்து உட்கார்ந்தால் பிள்ளைகள் வேறு பாய்க்கு மாறிவிடுவார்கள்.

பெரியவர்களுக்குத் துணை கிடையாது. செத்தவர்களைப் பெரியவர்கள் தங்களுக்கு வேண்டியபடி திருத்திவிடுவார்கள் என்று வாரியம் நினைத்தது. நிறைமதிக்கு அதில் வருத்தம் இருந்ததே தவிர மறுப்பு இல்லை. அவள் மகள் முல்லை, இருபத்து மூன்று வயது, நாகப்பட்டினத்தில் ஒரு கண் மருத்துவமனையில் வேலையாக இருந்தாள். உடல் கிடைக்கவில்லை. கையேட்டில் கொடுத்திருந்த கதைகள் மூன்றாவது மாதமே பிள்ளைகளுக்கு அலுத்துப்போனபோது, நிறைமதி செம்பி என்ற பெண்ணை வைத்துத் தானே கதை கட்டினாள். செம்பி படியை எண்ணுவாள். எதைத் தின்றாலும் பாதியைப் பிட்டு வைப்பாள். இடி இடித்தால் வாயை மூடிக்கொண்டு ஒரு பாட்டை முனகுவாள். எல்லாம் முல்லை செய்தவை. பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை.

இன்னும் துணை கிடைக்காத வேம்புவின் தாளை ஜெரால்டு கொண்டுவந்து கொடுத்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். ஜெரால்டு வாரியத்தின் பதிவாளர். வாரத்தில் ஒருநாள் மேட்டுக் குடியிருப்புகளுக்கு வந்து கேட்பி என்ற பதிவுக்கருவியைப் பிள்ளைகள் முன்னால் வைத்துவிட்டுப் போவார். கருவி கேட்டதை அச்சிட்டுக் கொடுக்கும். பிள்ளைக்குப் பாடம் எடுத்த ஆசிரியர், இது பிள்ளையின் சொந்த ஞாபகம்தான் என்று கையெழுத்துப் போட்டால் தாள் மேலே போகும்.

"உங்க வேம்பு ஒருவழியா வாயைத் திறந்துடுச்சு டீச்சரம்மா," என்றார் ஜெரால்டு. "இந்தா அந்தான்னு நாலு மாசம் என்னைச் சுத்தல்ல விட்டது. இன்னிக்கு உட்கார்ந்து மழை மாதிரி கொட்டிடுச்சு. வர்ற சனிக்கிழமையோட ஏழு முடியுது. ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா நான் மூணு மணி வண்டியைப் பிடிச்சுடுவேன்."

நிறைமதி தாளைப் படித்தாள். எங்கம்மா படியிறங்கும்போது எண்ணிக்கிட்டே இறங்குவாங்க: கவனம். எங்கம்மா எதைத் தின்னாலும் பாதி பிட்டு வைப்பாங்க: பகிர்வு. இடி இடிச்சா வாயை மூடிக்கிட்டுப் பாடுவாங்க: துணிச்சல்.

தாளை மடித்தாள். மறுபடி பிரித்தாள். ஜெரால்டு தன் டீயை ஊதிக்கொண்டிருந்தார். நாளைக்குப் போடுகிறேன் என்று அவள் சொன்னதும், மேட்டுக்கு ஏறிவர இடுப்பு ஒத்துழைக்காத கதையை ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

அதற்குப் பிறகு அவளால் வகுப்பில் நிற்க முடியவில்லை. பிள்ளைகளைப் படம் போடச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு கையெழுத்துதான். போட்டால் நாற்பது நாளில் இந்த வாசலுக்கு ஒரு துணை வரும். சாம்பல் நிறத் தோல்தான், முல்லையின் முகம் இருக்காது. ஆனால் படியேறும்போதும் இறங்கும்போதும் எண்ணும். மழைக்காலத்தில் இடி இடித்தால் அந்தப் பாட்டை முனகும். அது வேம்புவைத்தான் கண்ணே என்று கூப்பிடும், கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஒரு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கேட்பிக்குக் கதை தெரியாது. ஜெரால்டு ஒருநாளும் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. பிள்ளைக்கும் ஒரு அம்மா கிடைப்பாள். எவ்வளவு நல்ல அம்மா.

இன்னொன்றும் தோன்றியது. தோன்றாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேம்புவின் குப்பத்திலிருந்து ஒரே ஒரு ஃபைபர் படகு தப்பியது. அதில் பதினொரு பிள்ளைகள். பெரியவர் ஒருவரும் இல்லை. மற்றப் பத்தும் கைக்குழந்தைகள், தவழ்கிற குழந்தைகள். பேசத் தெரிந்த வயதில் இருந்தவள் வேம்பு மட்டும்தான். வேம்புவின் அம்மா என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருப்பது இந்தப் பிள்ளையின் வாய்தான். அதில் முல்லையை எழுதிவிட்டால், அந்த அம்மா இரண்டாம் முறையும் போய்விடுவாள்.

மறுநாள் இடைவேளையில் வேம்பு குழாயடியில் சிலேட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இடது கையால் கழுவினாள். எதையும் இடது கையால்தான் செய்வாள். வலது கை எப்போதும் பாவாடை மடிப்புக்குள் இருக்கும். நிறைமதி பக்கத்தில் குந்தினாள்.

"உங்க வீட்டுல படி இருந்துச்சா வேம்பு?"

"இருந்துச்சு டீச்சர்."

"எத்தனை?"

"பதினாலு."

கதையில் செம்பி எண்ணும் அந்தப் பதினான்கு படி நிறைமதியின் வீட்டு மாடிப்படி. வேம்பு முன்பு ஒருமுறை வரைந்த வீட்டில் ஒரே அறைதான் இருந்தது. வாசல்வரை மணல், மணலில் ஒரு நண்டு.

நிறைமதி கோபப்படவில்லை. செம்பியை உனக்கு அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டாள். பிள்ளை தலையாட்டினாள். உன் அம்மாவைப் பற்றி ஒன்றுமே ஞாபகம் இல்லையா என்று கேட்டாள். வேம்பு சிலேட்டில் அழிக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு இருக்கு," என்றாள் கடைசியில். "அதைச் சொன்னா அதுவா வந்துடும்ல?"

"எதுவா?"

"செம்பி வந்தா கடிக்கமாட்டா."

வேம்பு வலது கையைப் பாவாடையிலிருந்து எடுத்து நீட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டி, பிறை வடிவில் இரண்டு வரிசை வெள்ளைத் தழும்புகள். விடுதிப் பதிவேட்டில் அது நாய்க்கடி என்று எழுதப்பட்டிருந்தது. நிறைமதியே அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். நாயின் பல் இப்படி இறங்காது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

துண்டு துண்டாகத்தான் வந்தது. தண்ணீர் வந்தது. கூரைமேல் ஏறினார்கள். கூரையும் முங்கியது. படகு வந்தது. அவள் அழுதாள். அம்மா வாயை மூடு என்று அதட்டினாள். அவள் மூடவில்லை. அம்மா கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அப்புறம் பிடித்துத் தள்ளினாள். படகில் விழுந்தபோது முழங்கால் அடிபட்டது.

"நான் சொன்ன பேச்சுக் கேக்கல. அதான் கோவம்," என்றாள் வேம்பு. கோட்டுக்கு இந்தப் பக்கம், கோட்டுக்கு அந்தப் பக்கம். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி மிகச் சரியாகச் சொன்னாள். கடித்தாள் என்றால் கோபம். பலகையில் சிவப்பு நிறம். நான்கு மாதம் அவள் கேட்பியின் முன்னால் வாயைத் திறக்காததற்கும், பிறகு செம்பியைக் கொண்டுவந்து வைத்ததற்கும் காரணம் அதுதான். அந்த அம்மா திரும்பி வந்துவிடக்கூடாது.

இரண்டரை ஆண்டில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் கோட்டைப் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று நிறைமதி நினைத்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏன் கடிச்சாங்க?"

வேம்பு விழித்தாள். அப்படி ஒரு கேள்வியை அவள் டீச்சரிடமிருந்து கேட்டதே இல்லை.

"உன் கை அப்ப எங்க இருந்துச்சு?"

"அம்மா கழுத்துல."

"இறுக்கியா?"

"ம்."

"விடச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நான் விடல."

"கடிச்சதும்?"

பிள்ளை தன் கையைப் பார்த்தாள். அதை முதல்முறை பார்க்கிறவள்போல முன்னும் பின்னும் திருப்பினாள்.

"விட்டுட்டேன்," என்றாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடைக்க நிறைமதிக்குத் தோன்றவில்லை. சொல்லவேண்டியதில் பாதியைப் பிள்ளையே சொல்லிவிட்டாள். மீதியை அவள் கேட்காமல் இருந்தால் நல்லது என்று நிறைமதி ஆசைப்பட்டாள். ஆனால் வேம்பு புத்திசாலி.

"அம்மாவும் ஏறியிருக்கலாம்ல டீச்சர்?"

"படகுல இடம் இல்லம்மா. பிள்ளைங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு."

"பின்னாலயே வரேன்னாங்களே. நீ போ, நான் பின்னாலயே வரேன்னு சொன்னாங்க."

வேம்பு வெகுநேரம் அழுதாள். சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க, குடியிருப்புப் பிள்ளைகள் அழக் கற்றுக்கொண்ட விதத்தில் அழுதாள். அவளுக்கு இவ்வளவு நாள் கோபக்கார அம்மா ஒருத்தி இருந்தாள். எங்கேயோ இருந்துகொண்டு கோபித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் இல்லை. பாடம் நடத்தி அவளைக் கொன்றுவிட்டோம் என்றுதான் நிறைமதிக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை ஜெரால்டு வந்ததும் முதல் தாளை அவரிடம் கொடுத்து, இதைக் கிழித்துவிடுங்கள், பிள்ளை மறுபடி சொல்வாள் என்றாள் நிறைமதி. அவர் தாளையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நாளைக்கு ஏழு முடியுதுங்க. இது தேறலைன்னா பொதுவுருதான். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும்."

"இதுல என்ன குறை? அழகா இருக்குதே."

"அழகாத்தான் இருக்கு," என்றாள் நிறைமதி. "அது அவ அம்மா இல்ல. கிழிங்க சார்."

ஜெரால்டு கிழிக்கவில்லை, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கேட்பியை மேசைமேல் வைத்தார். அது கைக்கடக்கமான கறுப்பு வில்லை. யார் பேசினாலும் அதன் விளிம்பு லேசாக ஒளிரும். வேம்பு குணப்பலகைக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா என் கையைக் கடிச்சாங்க," என்றாள். விளிம்பு ஒளிர்ந்தது. வலது கையை உயர்த்தி, சிவப்பைத் தாண்டி, இரண்டு வரிசை கீழே இறங்கி, ஒரு சொல்லில் விரல் வைத்தாள். "பிடிவாதம். நான் அழுதும் விட்டுக்கொடுக்கல."

"படகுக்குள்ள தள்ளினாங்க. தண்ணி அவங்க கழுத்துவரைக்கும் இருந்துச்சு. துணிச்சல்."

இரண்டாயிற்று. நிறைமதி பலகையின் முதல் வரிசையைக் காட்டினாள். வெளிர் மஞ்சள் நிறத்தில் அன்பு என்று எழுதியிருந்தது. மெல்ல, இங்கே ஒரு சொல் இருக்கிறது பார் என்றாள். ஜெரால்டு அதைக் கேட்காததுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வேம்பு அந்தச் சொல்லைப் பார்த்தாள். யோசித்தாள்.

"அதுக்குச் சான்று இல்லையே டீச்சர்," என்றாள்.

இதே வகுப்பில், இதே இடத்தில் நின்று, சான்று இல்லாமல் சொல்லக்கூடாது என்று நூறு தடவை சொன்னவள் நிறைமதிதான்.

"பின்னாலயே வரேன்னு சொன்னாங்க. வரல." வேம்புவின் விரல் பலகையின் கடைசி வரிசைக்குப் போயிற்று, எந்தப் பிள்ளையும் தன் தாய்க்காகத் தொடாத வரிசை அது. "பொய்."

கேட்பி ஒருகணம் அணைந்து மீண்டும் ஒளிர்ந்தது. ஜெரால்டு நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பொய்யா? ஏம் பாப்பா, வேற ஒண்ணு யோசியேன். டீச்சரம்மா, இதுவரைக்கும் ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லீங்க. சொன்னா அது ஏறிடும். பொய் சொல்ற துணை ஒண்ணு மலையில சுத்துனா யாருக்கு மெமோ வரும்? எனக்கு."

"பலகையில இருக்குதானே?"

"இருக்குது."

"சான்று இருக்குதானே?"

அவர் தாடையைச் சொறிந்தார். எல்லாம் ஒரே நிகழ்ச்சியாக இருக்கிறதே, விதிப்படி மூன்று சான்று வேண்டாமா என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார். கடித்தாள், தள்ளினாள், சொன்னாள், மூன்றும் மூன்று செயல் என்றாள் நிறைமதி. கையெழுத்துப் போட்டாள். ஜெரால்டு தாளை வாங்கிக்கொண்டு, கைப்பிடியில்லாத தன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, பையிலிருந்து பழைய தாளை எடுத்து, நான்காகக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நாலு துண்டுகளையும் நிறைமதி அன்று முழுக்கக் கையில் வைத்திருந்தாள். கவனம், பகிர்வு, துணிச்சல். முல்லைக்கு அவள் கொடுத்த சொற்கள் எல்லாம் பலகையின் மேல் வரிசைச் சொற்கள். இரண்டரை ஆண்டு முயன்றும் முல்லையின் முகம் அவளுக்குத் தெளிவாக வந்ததில்லை. செம்பியின் கதையைச் சொல்லச் சொல்ல இன்னும் மங்கிக்கொண்டுதான் போயிற்று. வாரியம் பெரியவர்களை நம்பாதது சரிதான் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் செம்பி கதை கேட்டார்கள். செம்பிக்கு அவள் அம்மா தினம் மூன்று தடவை ஃபோன் செய்வாள், சாப்பிட்டாயா, குடை எடுத்தாயா என்று கேட்பாள் என்று தொடங்கினாள் நிறைமதி. ஒருநாள் மழை பெய்துகொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். ஊருக்கு வந்துவிடு என்றாள். "பேசினதையே பேசிக்கிட்டிருக்காதம்மா, தலை வலிக்குது" என்று சொல்லிவிட்டுச் செம்பி பட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள்.

பிள்ளைகள் செம்பி அப்படிச் செய்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"அப்படின்னா எப்படிப்பட்டவ டீச்சர்?" என்று சாலமோன்தான் கேட்டான்.

நிறைமதி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முல்லை எரிச்சல்படும்போது இடது புருவம் மட்டும் மேலே ஏறும். இரண்டரை ஆண்டு கழித்து அந்தப் புருவம் வந்தது; அதற்குப் பின்னால் முகம் முழுக்க வந்தது.

வேம்புவின் துணை ஆடி மாதக் கடைசியில் வந்தது. காப்பாளர் அதை விடுதி வாசலில் நிறுத்தி, வேம்புவை முன்னால் தள்ளினார். அவள் வலது கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். எட்டு நாள் அப்படியே இருந்தாள். அதுவும் போகவில்லை. காலையில் பல் விளக்க வரும்போது குழாயடியில் நிற்கும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எதிர்ப் பாயில் உட்காரும். வேறு இடம் மாறினால் அதுவும் மாறும். கூப்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பிடிவாதம் என்று பிள்ளை சொன்னதில் பிசகில்லை என்று காப்பாளர் நிறைமதியிடம் சொல்லிச் சிரித்தார். இன்னொன்றையும் சொன்னார், சிரிக்காமல். நேற்றுக் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, மருந்து இனிக்கும் என்று சொன்னதாம். இனிக்கவில்லையாம்.

ஒன்பதாம் நாள் காலை நிறைமதி மணியடிக்கப் போனபோது பள்ளி முற்றத்தின் கல்மேல் துணை உட்கார்ந்திருந்தது. அதன் முழங்கால்களுக்கு நடுவே வேம்பு. விடுதியில் பேன் பரவியிருந்த வாரம் அது. பிள்ளையின் தலை சடை பிடித்துக் கிடந்தது. துணை கையில் பேன் சீப்பு வைத்திருந்தது.

"வலிக்காது," என்றது.

சீப்பை இழுத்தது. வேம்பு வீறிட்டாள்.

"வலிக்குது! பொய் சொல்றே!"

"இதோ ஆச்சு. இன்னும் ஒரே ஒரு சிக்கு."

"பொய். நிறைய இருக்கு." அவள் எழுந்து ஓடுவாள் என்று நிறைமதி நினைத்தாள். அவள் எழவில்லை. ஏதோ கேட்கிறவள்போலத் தலையைச் சாய்த்தாள். "ஊசி போடறப்பவும் நீ இப்படித்தான் சொன்னே," என்றாள் மெதுவாக. "வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்னு சொன்னே. என் கண்ணைப் பொத்திக்கிட்டே."

அது வாரியத்தின் தாளில் இல்லாதது. துணைக்கும் தெரியாதது. வேம்புவுக்கே அதுவரை ஞாபகம் இல்லாதது. இனி அதைச் சேர்க்க விதியில் இடமில்லை. ஏழு வயது முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. சீப்பு முடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் பர்வீன் தன் அம்மாவிடம் அன்றைய கேள்வியைக் கேட்டாள். நாலு வருஷம் ஐந்து மாசம் இரண்டு நாள் என்று பதில் வந்தது. முற்றம் சின்னது; எல்லோர் காதிலும் விழுந்தது. வேம்புவின் முதுகு விறைத்தது. வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் கேட்காமல் இருந்திருக்கும்.

"நீ எப்பப் போவே?" என்றாள் வேம்பு, திரும்பாமல்.

"நான் எங்கயும் போகமாட்டேன்."

அந்த முற்றத்தில் எந்தத் துணையும் சொல்லாத வாக்கியம் அது. சொல்லவும் முடியாத வாக்கியம். பர்வீன் திரும்பிப் பார்த்தாள். சாலமோன் திரும்பிப் பார்த்தான். பிறகு அவர்கள் எல்லோரும், தங்கள் கைகளைப் பிடித்திருந்த உண்மை பேசும் அம்மாக்களையும் அப்பாக்களையும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பொய்," என்றாள் வேம்பு. சொல்லிவிட்டு, வலது கையைப் பாவாடைக்குள்ளிருந்து எடுத்து, துணையின் குளிர்ந்த முழங்கால்மேல் விரித்து வைத்தாள்.

எட்டரை தாண்டியிருந்தது. நிறைமதி மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அடிக்கவில்லை.